லீலாக்காவின் பெயரில்

1

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வெளியே போய் வாழ்கிறவர்களுக்கு என்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். துபாய், சிங்கப்பூர், கனடா என்று கடல் தாண்டியவர்கள் எழுதுகிற பக்கங்கள் அவை. நான் தாண்டியது ஆரியங்காவுக் கணவாயை மட்டும்தான். சங்கரன்கோவிலில் காலையில் பேருந்து ஏறினால் சாயங்காலத்துக்குள் திருவனந்தபுரம் வந்துவிடலாம். இதைப் போய் புலம்பெயர்ந்த அனுபவம் என்று எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது ஒன்று நடந்தது. வெயிலில் அலைந்துவிட்டு மாமா வீட்டுக்குள் நுழைந்தவள், "அத்தை, கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டேன். வீடே சிரித்தது. "இங்க மழையே காணோம். வெள்ளத்துக்கு நான் எங்கட்டி போவேன்?" என்றார் மாமா. தண்ணீர் என்ற சொல் என் வாயிலிருந்து எந்த வருடம் கழன்று விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சிரித்து முடித்த பிறகு மாமா கேட்டார்: "அங்க நீ என்ன வேலைதான் பாக்கே?"

"கம்ப்யூட்டர்ல வெப்சைட் செஞ்சு குடுக்கேன் மாமா."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல. வீட்ல இருந்தே."

"அப்ப வேலை இல்லைன்னு சொல்லு."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வந்த வாரத்தில் லீலாக்காவின் ஆண்டு வந்தது. இங்கே கிறிஸ்தவர்கள் நினைவு நாளை அப்படித்தான் சொல்வார்கள். தேவாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரும் பார்க்கும் முன் எழுந்து வந்துவிட்டேன். மாமாவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் லீலாக்காவைப் பற்றியதுதான் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது.

2

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவருக்குச் சாலை என்று பெயர் கொண்ட பழைய கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. சாலையில் தமிழ் போதும். சாலையை விட்டு வெளியே வந்தால் போதாது. ரேஷன் கார்டு மாற்ற மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். "மலையாளத்தில் பூரிப்பிச்சு கொண்டு வரூ" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார் ஒரு கிளார்க். பூரிப்பு என்றால் எங்கள் ஊரில் சந்தோஷம். நான் அங்கேயே நின்று, அவர் என்ன சந்தோஷத்தைக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்தான், நிரப்பிக் கொண்டுவரச் சொல்கிறார் என்று விளக்கினார்.

மணக்காட்டில் ஒரு மாடி வீடு. மகள் மீனா பிறந்தாள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் நான் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து வெப் டிசைன் படித்தேன். அது எல்லோரும் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு சின்ன நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அமெரிக்காவில் என்னவோ சரிந்தது என்றார்கள். இங்கே எங்கள் நிறுவனத்தைப் பூட்டினார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். தொலைபேசிக் கம்பியைச் செருகினால் கீச்சிட்டுக்கொண்டே இணையம் வரும். வந்த நேரத்தில் யாராவது போன் செய்தால் அறுந்துபோகும்.

முதல் வாடிக்கையாளர் சாலையில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவர் கடைக்கு வெப்சைட் எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "குத்துவிளக்கு படத்தைவிட எம்படம் பெருசா இருக்கணும். பேரு அப்படியே ஓடணும். தொறந்த உடனே மணி அடிக்கணும்" என்றார். மூன்றையும் செய்து கொடுத்தேன். கடையில் வேலை செய்யும் அத்தனை பேரையும் கூப்பிட்டு, பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் மணி அடித்துக் காட்டினார். பிறகு வாரம் ஒருமுறை, "ஒரு சின்ன மாத்தம்தாம்மா" என்று போன் வரும். இந்தத் தொழிலில் எல்லா மாற்றமும் சின்ன மாற்றம்தான். ஆள் ஆளுக்குத் தன் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அதைச் செய்து தருகிறவர்கள். எங்கள் முகம் எங்கும் வராது.

அந்த வருடங்களில்தான் மீனா கைவிட்டு நழுவ ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வாசலில் நான் "மீனா, டப்பாவுல சாதம் மிச்சம் வச்சியா?" என்று கேட்டால் அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, ஸ்கூலில் வச்சு தமிழ் பறயண்டா, ப்ளீஸ்" என்பாள், அங்கே வைத்துத் தமிழ் பேச வேண்டாம் என்று. கோபமாகச் சொன்னால் அடித்திருக்கலாம். கெஞ்சித்தான் சொன்னாள்.

3

அண்ணாச்சி கடைக்குப் பாத்திரம் வாங்க வந்தபோது பக்கத்துக் கடையிலிருந்து அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்தவர் லீலாக்கா. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் அவர்களுக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு. வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். கணவர் ஜோசப் மலையாளி. மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். காது மந்தமானதும் அதை விட்டுவிட்டு வீட்டில் வந்து தங்குகிறவர்களுக்கு மீன் சமைத்துப் போட்டார். குழந்தைகள் இல்லை.

கதவைத் திறந்ததும் அவர் பேசியது தமிழ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எனக்க ஊரு குளச்சல் பிள்ளே. கெட்டிக் குடுத்து இங்க வந்து கெடக்கேன். நீ தமிழ்ப் பிள்ளைன்னு அண்ணாச்சி பறஞ்சாரு. அதான் நேர வந்தேன்."

"மணி அடிக்கிற மாதிரி வேணுமா அக்கா?"

"அய்ய, வேண்டாம். எனக்க வீட்ல நிம்மதிக்குத்தான் ஆளு வருது. மணி அடிச்சா ஓடிப் போயிருவாங்க."

'லீலா ஹவுஸ்' என்று ஒரு பக்கம் செய்தேன். முகப்பில் வீட்டின் படத்தை வைப்பதா, கடலின் படத்தை வைப்பதா என்று யோசித்துவிட்டு, அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்று சிரிக்கும் லீலாக்காவின் படத்தை வைத்தேன். அவருக்கு வெட்கம். ஜோசப் சேட்டனுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. லீலாக்கா தங்குகிறவர்களிடம் கையையும் கண்ணையும் வைத்து ஆங்கிலம் பேசிவிடுவார். எழுத வராது. ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை பேருந்து ஏறி என் வீட்டுக்கு வருவார். பையில் வாழையிலையில் சுற்றிய மீன் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார். நான் வந்த கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்வேன். அவர் பதில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். கடைசியில் 'லீலா' என்று போடுவேன். எழுதுவது நான் என்று யாருக்கும் சொன்னதில்லை.

அறை காலியா, விமான நிலையத்துக்கு வண்டி உண்டா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது பெரிய வேலை இல்லை. ஆனால் லீலாக்கா அதோடு விடமாட்டார். "அந்த ஜெர்மன் பையனுக்கு வயிறு செரியாச்சான்னு கேளு." "போன தடவை வந்த ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டுப் போனாவ. இப்ப சேந்துட்டாவளான்னு கேளு." "அக்கா, அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, பிசினஸ் லெட்டர்" என்பேன். "நீ எழுது மக்களே. என்னெட்டத் தானே தங்கினாவ" என்பார். எழுதுவேன். ஆச்சரியமாக எல்லோரும் பதில் போடுவார்கள்.

மீனா பள்ளிவிட்டு வந்ததும் அவர் மடியில் போய்ச் சாய்வாள். அவரிடம் மட்டும் குளச்சல் தமிழும் மலையாளமும் கலந்து ஏதோ பேசுவாள். என்னிடம் பேசாத தமிழ் அவரிடம் எப்படி வந்தது என்று நான் பொறாமைப்பட்டதுண்டு.

4

ஸ்காட்லாந்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஹெலன், ராபர்ட் என்று ஒரு தம்பதி ஒவ்வொரு குளிர்காலமும் வருவார்கள். ஹெலன் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ராபர்ட் துறைமுகத்தில் ஜோசப் சேட்டனோடு மீன் வாங்கப் போய்விட, ஹெலன் அடுக்களையில் லீலாக்காவோடு உட்கார்ந்து தேங்காய் துருவுவாராம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும். "பாதி போரும். முழுசும் புரிஞ்சா சண்டைதான் வரும்" என்பார் லீலாக்கா.

ஒரு வருடம் அவர்கள் வரவில்லை. ராபர்ட் இறந்துவிட்டார் என்று ஹெலனிடமிருந்து கடிதம் வந்தது. நான் படித்துச் சொன்னதும் லீலாக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "எழுது" என்றார். சொல்லவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. விக்கலும் சொல்லுமாக வந்ததை நான் வாக்கியங்களாக்கினேன். தமிழில் ஓர் அழுகையைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டுவது எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம். அதில் துக்கத்துக்கு இருந்த சொற்கள் கொஞ்சம்தான். லீலாக்கா சொன்னதை அப்படியே, தப்பும் சரியுமாக இறக்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஹெலன் அடிக்கடி எழுதினார். ராபர்ட் தன்னை ஒருமுறை விட்டுப் போய்த் திரும்பி வந்த கதை, அதைத் தான் மன்னிக்கவே இல்லை என்பது, அவர் சாகும்போதுகூட மன்னித்தேன் என்று தான் சொல்லவில்லை என்பது எல்லாம் எழுதினார். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, லீலா, என்றும் எழுதினார். நான் படித்துச் சொல்வேன். லீலாக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

ஒருமுறை, ராபர்ட்டின் சட்டைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை, அலமாரியைத் திறந்தாலே அவர் வாசனை வருகிறது, யாருக்காவது கொடுத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

லீலாக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "இப்பக் குடுக்க வேண்டாம்னு எழுது. ஒரு மழைக்காலம் கழியட்டும். பின்ன ஒரு சட்டையை எடுத்து இவ போட்டுப் பாக்கட்டும். போட்டா குளிரு தாங்குமா பாக்கட்டும். தாங்கினா வச்சுக்கட்டும். சட்டை குளிருக்குத்தானே."

அடுத்த குளிர்காலத்தில் ஹெலன் எழுதினார்: நீல நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

5

லீலாக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். என் வீட்டு மாடி ஏற முடியாமல் போனதும், நான் கடிதங்களைத் தாளில் எழுதிக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போக ஆரம்பித்தேன். கட்டிலில் படுத்தபடியே பதில் சொல்வார். முடி கொட்டிய தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். கீழே துறைமுகத்தில் படகுகள் வரும் சத்தம் கேட்கும். ஜோசப் சேட்டன் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகே நிற்பார். அவருக்குக் காது கேட்காததால் நாங்கள் சிரிக்கிறோமா அழுகிறோமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

"ஹெலனுக்குச் சொல்லிரலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளே. அவ இப்பத்தான் எந்திரிச்சு நிக்கா. எனக்குச் சொகம்னு எழுது."

"பொய்யில்லையா அது?"

"நான் செத்தா பொய்யி. இப்ப உசிரோடதானே கெடக்கேன். சொகம்னு எழுது." சிரித்தார். சிரிப்பதும் அவருக்கு வலித்தது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் போனார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் சேறு. மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து படுத்ததும் சுவரைப் பார்த்தபடி, "இனி எனக்குத் தமிழ் வேண்டாம்மா" என்றாள். அந்த வயதில் அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நல்ல தமிழில் அதைச் சொன்னாள்.

6

நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை முடிந்த பிறகு ஒரு பிற்பகல் ஜோசப் சேட்டன் என் வீட்டுக்கு வந்தார். பையில் வாழையிலையில் சுற்றிய மீன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுத்து வல்லதும் வந்நோ?" என்று கேட்டார். கடிதம் ஏதும் வந்ததா என்று.

ஹெலனிடமிருந்து வந்திருந்தது. ஏன் பதில் இல்லை, என்மேல் கோபமா லீலா, இரவில் தூக்கம் வருவதில்லை, வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். என் மலையாளத்தில் உரக்கப் படித்தேன். அவர் காதருகே குனிந்து படிக்க வேண்டியிருந்தது.

"எழுது" என்றார். "மழையாயிருந்நு, கரன்ட் இல்லாயிருந்நு என்னு எழுது. லீல பறயுந்ந மாதிரி எழுது."

"சேட்டா, அக்கா..."

"அறியாம். எழுது மோளே." தனக்குத் தெரியும் என்றார்.

அவர் சொன்னார், நான் எழுதினேன். ராத்திரியில் ரேடியோவை அணைக்காமல் படுத்துக்கொள், தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு சத்தம் வேண்டும். என்ன பாட்டு என்று கேட்க வேண்டாம், சத்தம் இருந்தால் போதும். தன் வீட்டிலும் ராத்திரி முழுக்க அது ஓடுகிறது என்றார். அவர் காதுக்கோ ரேடியோ கேட்காது. அப்புறம் யாருக்காக அதை ஓட விடுகிறார் என்று நான் கேட்கவில்லை. முடித்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"அது அவள்தன்னெ" என்றார். அவளேதான்.

அதன்பின் லீலாக்கா வந்த அதே கிழமைகளில் அவர் வந்தார். மற்ற கடிதங்களுக்கு எப்படி வேண்டுமானாலும் பதில் எழுதிக்கொள் என்றுவிட்டார். ஹெலனின் கடிதத்துக்கு மட்டும் உட்கார்ந்து, கண்ணை மூடி, லீலாக்கா என்ன சொல்வார் என்று யோசித்துச் சொன்னார். பலாமரம் காய்த்திருக்கிறது. அடுக்களைக்குப் புது அம்மி வாங்கியிருக்கிறேன். ஜோசப் முன்போல இல்லை, கொஞ்சம் மெலிந்துவிட்டார். தன்னைப் பற்றித் தன் மனைவியின் வாயால் அவர் சொல்லச் சொல்ல, நான் திரையையே பார்த்துக்கொண்டு தட்டினேன். அவரைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், இந்த முறை மூன்று மாதம் தங்குவேன், ராபர்ட்டின் சாம்பலில் கொஞ்சம் எடுத்து வருகிறேன், நீயும் நானும் அதைச் சேர்ந்து கடலில் விடுவோம், உன்னிடம் மட்டும்தான் இதைக் கேட்க முடியும் என்று ஹெலன் எழுதியிருந்தார்.

படித்து முடித்ததும் சொன்னேன்: "சேட்டா, இனி மறைக்கக் கூடாது. அவங்க அக்காவைப் பார்க்கத்தான் வர்றாங்க."

"வரட்டே. வந்நிட்டு பறயாம்." வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமாம்.

"அவ்வளவு தூரம் வந்து, வாசல்ல நின்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் கையைப் பிசைந்தார். "பறஞ்ஞால் பின்னெ எழுத்து வரில்லல்லோ, மோளே" என்றார். சொல்லிவிட்டால் அப்புறம் கடிதம் வராதே.

அவர் அன்று எதையும் எழுதச் சொல்லவில்லை. ஹெலன் தங்கும் அறைக்குப் புது வர்ணம் அடிக்கப் போவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவரிடம் சொன்னேன். "நமக்கு எதுக்கு? அவரு பொண்டாட்டி, அவரு கடுதாசி. சொல்லுததை எழுதிக் குடு. அதுதான உன் வேலை?" என்றார். அதுதான் என் வேலை. யார் என்ன சொன்னாலும் அவர்கள் குரலில் எழுதிக் கொடுப்பது. ஆனால் அந்த அம்மாள் கையில் சாம்பலை வைத்துக்கொண்டு வந்து இறங்கி, வாசலில் நின்று லீலா என்று கூப்பிடுவார்.

சில நாள் கழித்து, கணவர் கடைக்கும் மீனா பள்ளிக்கும் போன பிறகு, உட்கார்ந்து எழுதினேன். அன்புள்ள ஹெலன், நான் லீலா அல்ல, என் பெயர் கோமதி என்று தொடங்கினேன். அத்தனை வருடம் அத்தனை பேருக்காக எழுதியிருக்கிறேன். என் பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். ஒவ்வொரு வரியும் லீலாக்காவின் குரலிலேயே வந்து நின்றது. அதை அழித்து அழித்து எழுதினேன். என் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது மிகச் சிறியதாக இருந்தது. "நான் என்னுடைய வாழ்க்கையை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: "சட்டையைப் பற்றி எழுதியது லீலாவா, நீயா?"

லீலாதான் என்று எழுதினேன். ஒரு சொல்கூட என்னுடையது இல்லை என்று எழுதினேன். மழைக்குப் பிறகு வந்த கடிதங்கள் ஜோசப் சொன்னவை என்று எழுதினேன். சொன்னதற்கு நன்றி, இனி நான் வர மாட்டேன் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஜோசப் சேட்டனுக்கு வேறு யார் மூலமும் தெரியக் கூடாது என்று நானே விழிஞ்ஞத்துக்குப் போனேன். ஜன்னல் சட்டத்துக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அறைக் கட்டிலில் புது விரிப்பு. அவர் காதருகே போய், நடந்ததைச் சொன்னேன். ஒரு தடவையில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மேட்டில், வாசலில் போகிறவர்கள் காதில் விழும்படி, அவங்க வர மாட்டாங்க, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்று கத்தினேன்.

பிரஷ்ஷை வர்ண டப்பாவின் மேல் குறுக்காக வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீ என்டெ லீலயெ ரெண்டாமதும் கொன்னு" என்றார். இரண்டாம் முறையும் கொன்றுவிட்டாய்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்புறம் இறங்கி வந்துவிட்டேன்.

7

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. ஹெலனுக்கு உண்மை வேண்டும், ஜோசப் சேட்டனுக்குக் கடிதம் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

அவர் பிறகு வரவே இல்லை. வீட்டை ஒரு ரிசார்ட்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, விழிஞ்ஞத்திலேயே இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தம்பி மகன் போனில் கூப்பிட்டு, வெப்சைட்டை எடுத்துவிடச் சொன்னான். பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஈரக்கையோடு சிரிக்கும் படத்தைக் கடைசியாக அழித்தேன். இப்போது அந்த முகவரியைத் தட்டினால் யாருடையவோ விளம்பரங்கள் வருகின்றன.

நான் தொழிலை விடவில்லை. பாத்திரக்கடை அண்ணாச்சி இன்னும் கூப்பிடுகிறார். நகைக்கடை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் என்று வருகிறார்கள். எல்லோருக்கும் பக்கம் செய்து கொடுக்கிறேன். கடிதம் எழுதித் தரச் சொன்னால் மட்டும், அது என் வேலை இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போது என் பேச்சில் இருக்கும் கறாரைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

மீனா இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். கனவுகூட மலையாளத்தில்தான் காண்கிறாள் போலிருக்கிறது. தூக்கத்தில் உளறுவது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. என்னோடு தமிழ் பேசும்போது நின்று, ஒரு சொல்லைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிடுகிறாள்.

இந்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் அவளுக்குக் குடை வாங்கச் சாலைக்குப் போயிருந்தோம். தூறல். கடைத்தெருவில் ஆள் நகர முடியாத நெரிசல். எதிரே நைலான் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜோசப் சேட்டன் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. காதில் இப்போது கருவி மாட்டியிருந்தார். விலகிப் போக இடம் இல்லை. மீனாவைத்தான் முதலில் பார்த்தார்.

"மோளே! நீ அங்ஙு வலுதாயல்லோ!" இவ்வளவு வளர்ந்துவிட்டாயே என்று.

"ஜோசப் அங்கிள்!" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் பேசினார்கள். எந்த வகுப்பு, என்ன பாடம், விழிஞ்ஞத்துக்கு ஏன் வருவதில்லை, பலாப்பழம் தின்று வயிறு வலித்தது ஞாபகம் உண்டா. தங்குதடை இல்லாமல் மலையாளம் ஓடியது. அவள் என்னவோ சொல்ல, அவர் தலையை அண்ணாந்து சிரித்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நின்றேன். பேச வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு மொழியிலும் மூன்றாவது மொழியிலும் தேடினேன். எதிலும் ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்.

கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு கிளம்பும்போது மீனாவின் தலையில் கைவைத்தார்.

"அம்மயோடு என்டெ அன்வேஷணம் பறயணம், கேட்டோ" என்றார்.

மீனா ஒரு கணம் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்:

"அம்மா, ஜோசப் அங்கிள் உன்னை விசாரிச்சாங்க."

"நானும் விசாரிச்சேன்னு சொல்லு" என்றேன்.

அவள் திரும்பி அவரிடம் சொன்னாள்.